கண்ணாடி மொசைக் ஒட்டும் முன் சுவரைத் தட்டிப் பாருங்கள்

எங்கள் வீடு வடசென்னையில், தண்டையார்பேட்டையில், டி.எச். ரோட்டிலிருந்து கடல் பக்கமாகப் பிரியும் ஒரு சந்தில் இருக்கிறது. தாத்தா காலத்துச் செங்கல் வீடு. சுவர் சுண்ணாம்புக் காரை, அதன்மேல் எப்போதோ பூசிய சிமெண்ட். குளியலறை நாலுக்கு ஆறு அடி. தரையில் வழவழவென்று பழைய டைல்ஸ். அம்மாவுக்கு முழங்கால் வலி வந்ததிலிருந்து, அவர் குளித்துவிட்டு வெளியே வரும்வரை எனக்கு மனசு ஒரு நிலையில் இருக்காது. அதனால் சின்னச் சின்னச் சில்லுகளாக வரும் மொசைக் டைல்ஸ் போடலாம், தரைக்குப் பளபளப்பில்லாத செராமிக் மொசைக், குளிக்கும் பக்கச் சுவருக்குக் கண்ணாடி மொசைக் என்று முடிவு செய்தேன். சில்லு சின்னதாக இருந்தால் இடுக்குகள் அதிகம். இடுக்கு அதிகமானால் ஈரக்கால் வழுக்காமல் பிடித்து நிற்கும்.

டைல்ஸ் போடும் ஆட்களைக் கேட்டுப் பார்த்தோம். பெரிய டைல்ஸ் என்றால் நாளைக்கே வருகிறேன் என்றவர்கள் மொசைக் என்றதும் பின்வாங்கினார்கள். ஒருவர் மட்டும் சதுர அடிக்கு வழக்கமான கூலியைப் போல மூன்று மடங்கு சொன்னார். அவர் கேட்டது நியாயமான கூலி என்பது வேலை முடிந்தபோது எனக்கே தெரிந்தது. ஆனால் அப்போது கையில் அவ்வளவு பணம் இல்லை. தம்பிக்கு எலக்ட்ரிக் வேலை தெரியும், கட்டிங் மெஷின் பிடித்துப் பழக்கம். நாமே செய்துவிடலாம் என்று இருவரும் இறங்கினோம்.

சைடன்ஹாம்ஸ் ரோட்டில் டைல்ஸ் கடைகளில் ஏறி இறங்கினால், மொசைக்கை ஒரு அடிக்கு ஒரு அடி ஷீட்டாகத் தூக்கிக் காட்டுவார்கள். பின்னால் வலை ஒட்டியிருக்கும். "ஷீட் ஷீட்டா ஒட்டிக்கிட்டே போலாம் மேடம், ஒரே நாள் வேலை" என்பார்கள். அந்த ஷீட்டில் 12-க்கு 12 வரிசையாக 144 சில்லு இருக்கிறது. ஒரு சதுர அடி ஒட்டினால் 144 டைல்ஸ் ஒட்டியதாகத்தான் கணக்கு. வலை என்பது பெட்டியிலிருந்து சுவர்வரை அவற்றைத் தூக்கிக்கொண்டு வருவதற்கு மட்டும். சுவருக்குப் போனபின் ஒவ்வொரு சில்லும் தனித்தனிதான்.

இதை முதலில் புரியவைத்தவர் பக்கத்து வீட்டு மேஸ்திரி. வயதாகிவிட்டது, இப்போது வேலைக்குப் போவதில்லை. எங்கள் சுவரை விரல் முட்டியால் தட்டிக்கொண்டே வந்தவர், ஒரு கட்டத்தில் கன்னத்தைச் சுவரோடு ஒட்டி ஒற்றைக் கண்ணால் பார்த்தார். "இன்னாம்மா, செவுரு வயிறு தள்ளிக்கினு நிக்குது. பெரிய டைல்ஸ்னா பின்னாடி கலவையப் போட்டு நேராக்கிடலாம். இந்தச் சில்லு செவுரு எப்படிப் போவுதோ அப்பிடியேதான் போவும்" என்றார்.

அவர் சொன்னதுதான் விஷயம். இரண்டடி டைல்ஸ் வளையாது. சுவரில் பள்ளம் இருந்தால் அந்த இடத்தில் பசை கொஞ்சம் தடியாக நிற்கும், மேலே பார்க்க நேராகத் தெரியும். மொசைக்குக்கு அடியில் போடும் பசையே 2, 3 மில்லிமீட்டர்தான். தடியாகப் போட்டால் இடுக்கு வழியாகப் பிதுங்கி வெளியே வந்துவிடும். அதனால் சுவரின் மேடு பள்ளம் அத்தனையும் மேலே தெரியும். கண்ணாடி வேறு, ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் பட்டால் ஒவ்வொரு சில்லும் ஒவ்வொரு பக்கமாக மின்னும். ஆறடி அலுமினிய மட்டப்பலகையைச் சுவரில் எந்தத் திசையில் வைத்தாலும் அடியில் 2, 3 மில்லிமீட்டருக்கு மேல் சந்து தெரியக் கூடாது. எங்கள் சுவரில் விரலே நுழைந்தது.

கடலுக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு இன்னொரு தொல்லை, உப்பு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வீட்டுக்குள் தண்ணீர் நின்று போனதிலிருந்து, சுவரின் கீழ்ப்பாகம் வெள்ளையாகப் பூத்துக்கொண்டே இருந்தது. பூச்சைக் கையால் அழுத்தினால் மாவாக உதிரும். இந்த மாதிரிச் சுவரில் எவ்வளவு விலை உயர்ந்த பசையைப் போட்டாலும், அது பூச்சைத்தான் பிடித்துக்கொள்ளும், பூச்சு செங்கல்லை விட்டுவிடும். செங்கல் தெரியும்வரை கொத்தி எடுத்தே ஆக வேண்டும். எடுத்த பிறகு உப்பைத் தண்ணீர் ஊற்றிக் கழுவாதீர்கள், கரைந்து திரும்ப உள்ளே போகும். காய்ந்த கம்பி பிரஷால் தேய்த்துக் கூட்டி அள்ளிவிட வேண்டும். அப்புறம் சுவர் நன்றாகக் காயட்டும். அவசரப்பட்டால் அந்த ஈரமும் உப்பும் புதுப் பூச்சுக்குள் வந்து நிற்கும்.

பூச்சு வேலையை மட்டும் கொத்தனாரிடம் விட்டுவிடுங்கள் என்பது என் உறுதியான கருத்து. பத்து வருஷம் பூச்சைத் தேய்க்கும் மணியாசுக் கட்டை பிடித்த கை ஒரு சுவரை நேராக்குவதும் நாம் முயல்வதும் ஒன்றாகாது. ஆனால் பூசும்போது கூடவே நில்லுங்கள். தூக்குக்குண்டு விட்டு மேலும் கீழும் ஒரே அளவா, மூலமட்டம் வைத்து இரண்டு சுவரும் சேரும் மூலை சரியா என்று ஈரம் காய்வதற்குள் பார்த்துவிட வேண்டும். மூலை கோணலாக இருந்தால் மேலே முழுச் சில்லு, கீழே அரைச் சில்லு என்று ஆப்பு மாதிரி இறங்கும். அதை மறைக்க வழியே கிடையாது. பூச்சுக்குக் குறைந்தது 7 நாள் தண்ணீர் விட வேண்டும்.

தண்ணீர் என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் தெருவில் போர் தண்ணீர் வாயில் வைக்க முடியாது, அவ்வளவு உப்பு. மெட்ரோ வாட்டர் குழாயில் வருவது வேறு. கடல்நீரிலிருந்து உப்பை நீக்கி வடசென்னைக்கு அனுப்பவே 2010-ல் காட்டுப்பள்ளியில் ஓர் ஆலை தொடங்கினார்கள். பூச்சு, பசை, இடுக்குகளை அடைக்கும் கிரவுட் எதைக் கலப்பதானாலும் வாசல் அடிபம்பில் வரும் மெட்ரோ தண்ணீரைப் பிடித்து வைத்துத்தான் கலந்தோம். போர் தண்ணீரில் கலந்தால் உப்பை வெளியே எடுத்துவிட்டு மறுபடி நாமே உள்ளே வைப்பதாகிவிடும். இடுக்குகளில் வெள்ளைக் கோடு பூத்து நிற்கும் குளியலறைகளைப் பார்த்தால், பல சமயம் காரணம் தண்ணீராகத்தான் இருக்கும்.

வாட்டர்ப்ரூஃபிங் பற்றிச் சுருக்கமாக. டைல்ஸும் கிரவுட்டும் தண்ணீரைத் தடுக்கும் என்று நம்பக் கூடாது. சிமெண்டோடு பாலிமர் திரவம் கலந்து பூசும் கோட்டிங்கைத் தரை முழுக்கவும், குளிக்கும் பக்கச் சுவரில் தலைக்கு மேல்வரையும், மற்றச் சுவர்களில் ஒரு அடி உயரத்துக்கும் இரண்டு முறை அடித்தோம். முதல் கோட் குறுக்கே என்றால் அடுத்தது நெடுக்கே. காய்ந்தபின், தரையில் தண்ணீர் வெளியேறும் நானி ட்ராப்பை அடைத்து ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் கட்டி வைத்துப் பார்க்க வேண்டும். நீர்மட்டம் எவ்வளவு இருந்தது என்று சுவரில் பென்சிலால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். தரைச் சரிவையும் இந்தக் கட்டத்திலேயே முடித்துவிட வேண்டும். நாலடி ஓட்டத்துக்கு அரை அங்குலம் இறங்கினால் போதும், தண்ணீர் தேங்காது. சரிவான தரைக்கு மொசைக் அருமையான பொருள். பெரிய டைல்ஸாக இருந்தால் ட்ராப்பைச் சுற்றி நாலாக வெட்டி இறக்க வேண்டியிருக்கும், சில்லு தானாகவே வளைந்து இறங்கிவிடும்.

இப்போது ஷீட். வாங்கும் முன் கடையில் ஒரு சாம்பிள் ஷீட் கேட்டு வாங்கி, வீட்டில் வாளித் தண்ணீரில் ராத்திரி முழுக்க ஊறப்போடுங்கள். காலையில் எடுத்து உதறினால் சில்லுகள் வலையிலிருந்து கழன்று கொட்டுகிறதா என்று பாருங்கள். கொட்டினால் வலையை ஒட்டியிருக்கும் கோந்து தண்ணீரில் கரைவது என்று அர்த்தம். குளியலறைக்கு அது ஆகாது. எங்களுக்குக் காட்டிய ஒரு வகையில் காலையில் வலை தனியாக மிதந்தது, சில்லெல்லாம் வாளியின் அடியில் கிடந்தன. விலை அதிகமான வகைதான் அது. சில்லின் முதுகையும் திருப்பிப் பாருங்கள். கோந்து அப்பி முதுகு முழுக்க மூடியிருந்தால் பசை பிடிக்க இடமே இல்லை. முதுகில் பாதிக்கு மேல் வெறும் கண்ணாடி தெரிய வேண்டும். முன்பக்கம் காகிதம் ஒட்டி வரும் ஷீட்டும் உண்டு. அதில் முதுகு முழுக்கப் பசை பிடிக்கும் என்பது நல்லது. ஆனால் ஒட்டி, காகிதத்தை நனைத்து உரிக்கும்வரை இடுக்குகள் கண்ணுக்குத் தெரியாது. முதல் தடவை செய்பவர்களுக்கு அது வேண்டாம்.

எல்லாப் பெட்டியிலும் ஷேடு எண் ஒன்றா என்று பார்த்து, தேவைக்கு மேல் பத்து, பதினைந்து சதவீதம் சேர்த்து வாங்குங்கள். ஒட்டும்போதும் ஒரே பெட்டியை முழுக்கக் காலி பண்ணாமல் மூன்று நாலு பெட்டியிலிருந்து மாற்றி மாற்றி எடுங்கள். பசைப் பையில் ஐ.எஸ். 15477 என்று போட்டிருக்க வேண்டும். டைல்ஸ் பசைக்கான இந்தியத் தரம் அது, 2019-ல் திருத்தியது. கண்ணாடிக்கு வெள்ளைப் பசைதான். சாம்பல் நிறம் போட்டால் கண்ணாடி வழியாகத் தெரிந்து, கடையில் பார்த்த நீலம் வீட்டில் அழுக்கு நீலமாகிவிடும். கருவிகளுக்கு லிங்கி செட்டி தெரு. சின்னப் பல் வெட்டிய கரண்டி, ரப்பர் கட்டை, சக்கரம் வைத்த கொறடு மூன்றும் கட்டாயம் வேண்டும்.

ஒட்டத் தொடங்கிய பிறகுதான் உண்மையான எரிச்சல் ஆரம்பம். ஷீட்டுக்குள் சில்லுக்கும் சில்லுக்கும் 2 மில்லிமீட்டர் இடைவெளி. இரண்டு ஷீட் சேரும் இடத்திலும் அதே 2 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். அரை மில்லிமீட்டர் கூடினாலும் குறைந்தாலும் சுவர் முழுக்க ஒரு அடிக் கட்டங்களாகத் தெரியும். பக்கத்தில் நின்று பார்த்தால் தெரியாது, வாசற்படியில் நின்று பார்த்தால் பளிச்சென்று தெரியும். ஷீட்டோ தொழிற்சாலையிலிருந்தே துல்லியமாக வருவதில்லை. ஒன்று இழுத்தாற்போல் இருக்கும், ஒன்று சுருங்கியிருக்கும், ஓர வரிசை லேசாக வளைந்திருக்கும். வலையைப் பிடித்து இழுத்துச் சரிசெய்யப் பார்த்தால் நடுவில் இருப்பது கோணும். தம்பி ஒரு கட்டத்தில் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு மொட்டை மாடிக்குப் போய்விட்டான்.

வழி ஒன்று உண்டு. வலையைப் பிளேடால் அறுத்துவிடுவது. சண்டித்தனம் செய்யும் ஷீட்டை நாலு நாலு வரிசைப் பட்டைகளாக அறுத்துக்கொண்டால், வித்தியாசத்தை எல்லா இடுக்கிலும் கொஞ்சம் கொஞ்சமாகப் பரப்பிவிடலாம், கண்ணுக்குப் படாது. ஓர வரிசையை ஒன்றுவிட்டு ஒன்று கழற்றி, பக்கத்து ஷீட்டோடு கோத்தாற்போல் ஒட்டினால் சேரும் கோடே தெரியாது. வேலை இரட்டிப்பாகும்தான். ஆனால் அதற்குப் பிறகுதான் எங்கள் சுவர் ஒரே சுவராகத் தெரிய ஆரம்பித்தது.

தொடங்குவதைத் தரையிலிருந்து தொடங்காதீர்கள். தரை எப்படியும் சரிவு. ஒரு ஷீட் உயரத்துக்கு மேலே ரசமட்டம் பார்த்து ஒரு அலுமினியப் பட்டையைச் சுவரில் நிறுத்தி, அதன்மேல் உட்காரவைத்து மேல்நோக்கிப் போங்கள். இல்லையென்றால் ஷீட் தன் எடையிலேயே மெல்லச் சறுக்கும். கீழ் வரிசையைக் கடைசியில் தரைக்கு ஏற்ப வெட்டிப் போட்டுக்கொள்ளலாம். எல்லா ஷீட்டையும் முதலில் கூடத்துத் தரையில் பரப்பிப் பார்த்து, வெட்டு விழும் வரிசை கதவுக்குப் பின்னால் வரும்படி அமைத்துக்கொண்டோம்.

பசையைப் பல் கரண்டியால் இழுத்தால் வரி வரியாக நிற்கும். பெரிய டைல்ஸுக்கு அப்படியே விடலாம். கண்ணாடி மொசைக்குக்குக் கரண்டியின் மொட்டைப் பக்கத்தால் அந்த வரிகளை நீவிச் சமமாக்க வேண்டும். இல்லாவிட்டால் கண்ணாடிக்குள் வரி தெரியும், இடுக்கிலும் பிதுங்கும். இரண்டு ஷீட்டுக்கு வேண்டியதை மட்டும் இழுங்கள். நாங்கள் செய்தது மே மாதம். கொஞ்ச நேரத்தில் பசைமேல் ஆடை படர்ந்துவிடும், பார்க்க ஈரமாகத்தான் இருக்கும். விரலால் தொட்டால் விரலில் ஒட்டி வர வேண்டும். வராவிட்டால் சுரண்டிப் போட்டுவிட்டுப் புதிதாக இழுங்கள், மேலே தண்ணீர் தெளித்து ஏமாற்றப் பார்க்காதீர்கள்.

ஷீட்டை வைத்ததும் விரலால் அழுத்தத்தான் கை போகும். விரல் பட்ட சில்லு மட்டும் உள்ளே போய் அங்கே ஒரு குழி விழும். ரப்பர் கட்டையைத் தட்டையாக வைத்து, ஷீட் முழுக்க ஒரே சீராக லேசாகத் தட்ட வேண்டும். அப்படியும் இடுக்குகளில் பசை எட்டிப் பார்க்கும். அதை அப்போதே எடுத்துவிட வேண்டும், மறுநாள் கல்லாகிவிடும். இதற்குக் கடையில் விற்கும் எதையும்விடத் தென்னந்துடைப்பத்து ஈர்க்குச்சி நன்றாக வேலை செய்தது. நுனியைச் சாய்வாகக் கிள்ளிக்கொண்டால் 2 மில்லிமீட்டர் இடுக்குக்குள் அப்படியே போய் வரும். சில்லையும் கீறாது, அசைக்காது. அம்மா மணைமேல் உட்கார்ந்து துடைப்பத்திலிருந்து ஈர்க்குச்சியாக உருவிக் கிள்ளிக் கொடுத்துக்கொண்டே இருந்தார்.

குழாய் வரும் இடங்களில் சில்லைக் கொறடால் கொறித்து வளைவாக்க வேண்டும். நடுவில் கடித்தால் நொறுங்கும், ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கடித்து வாருங்கள். கண்ணுக்குக் கண்ணாடி போடாமல் இதைச் செய்யவே கூடாது. தெறிக்கும் துகள் ஊசியாக இருக்கும். வீட்டில் எல்லாரும் வெறுங்காலோடு நடப்பவர்கள். அதனால் வாசலில் நனைத்த கோணிச் சாக்கு விரித்து அதன்மேல் வைத்துத்தான் வெட்டினோம். அன்றன்று சாக்கை உதறிக் குப்பையைத் தனியாகக் கட்டி வைத்தோம்.

கிரவுட் பற்றி யாரும் சரியாகச் சொல்வதில்லை. 23 மில்லிமீட்டர் சில்லு, 2 மில்லிமீட்டர் இடுக்கு என்றால் சுவரின் பரப்பில் ஏறத்தாழ 15 சதவீதம் வெறும் இடுக்கு. ஒரு அடிக்கு இரண்டடி டைல்ஸில் அது ஒரு சதவீதம்தான். ஆக, கிரவுட்டின் நிறமும் தரமும்தான் சுவரின் நிறத்தையும் ஆயுசையும் தீர்மானிக்கும். நிறம் சில்லின் நிறத்தை ஒட்டியே இருக்கட்டும். நீலச் சில்லுக்கு வெள்ளை கிரவுட் படத்தில் அழகாக இருக்கும், வீட்டில் ஒவ்வொரு கோணல் கோட்டையும் எடுத்துக்காட்டும். சிமெண்ட் கிரவுட் போடுவதானால் மணல் கலக்காத வகை. இவ்வளவு குறுகிய இடுக்கில் மணல் போகாது, கண்ணாடியையும் கீறும்.

நாங்கள் சிமெண்டுக்குப் பதில் ரெசின் வகையான எபாக்சி கிரவுட் போட்டோம். அதற்கு ஒரு காரணம் உண்டு. எங்கள் பக்கத்தில் வாராவாரம் குளியலறையில் ஆசிட் ஊற்றித் தேய்ப்பது வழக்கம். சிமெண்ட் கிரவுட்டை ஆசிட் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடும். எபாக்சி தாங்கும், தண்ணீரும் குடிக்காது. ஆனால் வேலை செய்வது கடினம். ரெசின், ஹார்டனர், பவுடர் மூன்றையும் கலந்த நிமிஷத்திலிருந்து இறுக ஆரம்பிக்கும், சென்னை வெயிலில் பாக்கெட்டில் போட்டிருக்கும் நேரத்துக்கு முன்பே இறுகும். முழு டப்பாவையும் கலக்காதீர்கள். எடை பார்த்து, கால் பங்கு கலந்து, காலை ஏழு மணிக்கு முன்பே ஆரம்பியுங்கள். ரப்பர் கட்டையால் கோணலாக, மூலைவிட்டமாக இழுத்தால்தான் இடுக்கில் இருப்பது திரும்பி வராது. உடனே வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்த ஸ்பாஞ்சால் துடையுங்கள். ஒருவர் போட்டுக்கொண்டே போக, இன்னொருவர் பின்னாலேயே துடைத்துக்கொண்டு வருவதுதான் ஒரே வழி. தனி ஆளாக எபாக்சியில் கை வைக்காதீர்கள். துடைத்தபின்னும் மேலே புகை படிந்தாற்போல ஒரு படலம் இருக்கும். அன்று சாயங்காலத்துக்குள் இன்னொரு தடவை துடைத்து எடுக்காவிட்டால் அப்படியே நின்றுவிடும். கையுறை கட்டாயம், பட்ட இடத்தில் அரிப்பு வரும்.

சுவரும் தரையும் சேரும் மூலையிலும், குழாயைச் சுற்றியும் கிரவுட் போடாமல் சிலிக்கான் அடியுங்கள். அந்த இடங்கள் வெயிலுக்கும் ஈரத்துக்கும் லேசாக அசைந்துகொண்டே இருக்கும், கிரவுட் போட்டால் மயிரிழையாக வெடிக்கும்.

போர் தண்ணீரில் குளிக்கும் வீடுகளில் கண்ணாடிமேல் வெள்ளைத் திட்டு படியும். குளித்து முடித்ததும் சின்ன வைப்பரால் ஒரு இழுப்பு இழுத்துவிட்டால் ஆசிட்டுக்கே வேலை இல்லை. மிஞ்சிய ஷீட்டுகளை ஷேடு எண் எழுதிய பெட்டியோடு பரணில் வையுங்கள். எங்கள் வீட்டில் குழாய் மாற்ற வந்தவரின் ஸ்பேனர் பட்டு ஒரு சில்லு உடைந்தது. சுற்றியிருந்த கிரவுட்டைப் பிளேடால் அறுத்து, சில்லை உடைத்து எடுத்து, அடியில் இருந்த பசையைச் சுரண்டி, பரணிலிருந்து ஒரு சில்லை எடுத்து வெள்ளைப் பசையில் ஒட்டி, மறுநாள் இடுக்கை அடைத்தோம். கலக்காமல் மிச்சம் வைத்திருந்த எபாக்சி அதற்குப் போதுமானதாக இருந்தது. டப்பாக்களை இறுக்கி மூடி, நிழலில் வைத்தால் போட்டிருக்கும் தேதிவரை கெடாது.